புனிதர்களின் நாட்காட்டியும் தெர்மாமீட்டரும்

1553இல் பவேரியாவில் ஓர் ஆணை பிறந்தது. ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாள் தொடங்கி செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாள் வரை பீர் காய்ச்சக் கூடாது. கோடையில் காய்ச்சியது கெட்டுப்போனது. ஏனென்று யாருக்கும் விளங்கவில்லை.

பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் ஓர் உயிர் என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் உறுதியானது. அதுவரை நல்ல பீர் கடவுளின் அருள். கெட்டதற்குப் பழி, பாவம், சூனியக்காரிகள் மேல்!

இன்று வீட்டில் காய்ச்சுபவருக்குக் காரணம் தெரியும். ஏல் என்ற பீர் வகைக்கான பெரும்பாலான ஈஸ்ட்களுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் போதும். நொதிக்கும்போதே சூடு பிறப்பதால் வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். முதல் சில நாட்களில் சூடு எகிறினால் ஃபியூசல் என்னும் காரமான ஆல்கஹால் பெருகித் தொண்டையைச் சுடும். பாதியில் திடீரெனக் குளிர்ந்தாலோ ஈஸ்ட் அடியில் படிந்து முடங்கும். வெண்ணெய் வாடை போகாமல் தங்கிவிடும்.

அப்படியானால் அருளுக்கு இனி வேலையில்லையா?

பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே மடத்தில் 1836 முதல் பீர் காய்ச்சுகிறார்கள். அங்கே நொதிகலனின் வெப்பத்தைக் கருவி கவனிக்கிறது. துறவிகளின் ஜெப வேளைகளும் தவறுவதில்லை. விளைந்ததற்கு நன்றி சொல்லக் காரணம் தெரியாமலிருக்க வேண்டியதில்லை. புளித்துப்போன பீருக்குக் கடவுளைக் குறைசொல்வதுதான் இனி எடுபடாது.