நகைப்பெட்டியில் துப்பாக்கி: அபயம் விலைக்குக் கிடைக்குமா?

பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய திருநாளாகிய தீபாவளியை ஒட்டி, இராஜபாளையத்தை அடுத்த ஆலங்குளத்தில் நம் சமயத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாரின் இல்லத்தில் இரண்டு நாட்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்குள்ள அரசு சிமெண்ட் ஆலையில் பணிபுரியும் பொருட்டு வடமாவட்டத்திலிருந்து சென்று நிலைத்துவிட்ட குடும்பம் அது. சிவகாசி அருகில் இருப்பதால், அவ்வூர்க் கடைவீதியில் பட்டாசுக்கும் கேப்பு வெடிக்கும் விளையாட்டுத் துப்பாக்கிகளுக்கும் குறைவில்லை. அவ்வில்லத்துப் பேரன் பொன்னிறம் பூசிய துப்பாக்கி ஒன்றைக் கேட்டு அடம் பிடித்தான். பாட்டியார் மறுத்தார். "கேப்பு வேண்டாம் பாட்டி. வெறும் துப்பாக்கி மட்டும் போதும். அது யாரையும் சுடாதே!" என்று அவன் வாதாடினான்.

அனைவரும் சிரித்தோம். ஆனால் அன்றிரவே அதே கேள்வி பெரியவர்களிடமிருந்து எழுந்தபோது நம்மால் சிரிக்க இயலவில்லை. வீட்டுக்காரரின் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பணி முடிந்து திரும்ப இரவு நெடுநேரமாகிறது. அவளுக்கு உரிமம் பெற்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கித் தரலாம் என்பது உறவினர் ஒருவரின் யோசனை. பெண்களுக்கென்றே சிறப்பாகச் செய்யப்பட்ட ஒன்றை அவர் எடுத்துக்காட்டினார். "நல்ல பெயர் பெற்றது, விலையும் அதற்கேற்றது, பெட்டியில் அலங்காரமாக இருந்தாலே போதும், சுடவா போகிறோம்?" என்றார். நம் கருத்தையும் கேட்டார்கள்.

அவர் குறிப்பிட்டது 'நிர்பீக்' என்னும் கைத்துப்பாக்கி. கான்பூரில் உள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனை வெளியிட்டது. 2012 டிசம்பரில் தில்லியில் கொடுமைக்கு ஆளாகி உயிர்நீத்த இளம்பெண்ணை நாடு 'நிர்பயா' என்று அழைத்தது. அச்சமற்றவள் என்பது அதன் பொருள். அதே பொருள்படும் சொல்லையே இத்துப்பாக்கிக்குப் பெயராக வைத்தார்கள். டைட்டானியம் கலந்த உலோகத்தால் ஆனதால் எடை சுமார் அரைக் கிலோதான். விலை அன்று 1,22,360 ரூபாய். அரக்கு நிற நகைப்பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. ஆயுதப் பெருக்கத்தை எதிர்த்து உழைக்கும் பெண்மணிகள், இறந்தவளின் பெயரால் துப்பாக்கி விற்பது தகுமா என்று அப்போதே கண்டித்தனர்.

இத்தகைய சிறப்பு ஆயுதங்களின் விலையும் புகழும் எதனால் அமைகின்றன என்பதை முதலில் ஆராய்வோம். அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் நிறுவிய தொழிற்சாலை, 1960-களிலிருந்து வரலாற்று நிகழ்ச்சிகளின் நினைவாகப் பொன்முலாமும் சித்திர வேலைப்பாடும் கொண்ட துப்பாக்கிகளைப் பல்லாயிரக்கணக்கில் வெளியிட்டது. சேகரிப்போரிடையே ஒரு வழக்கம் உண்டு. பெட்டி பிரியாமல், ஒரு முறையேனும் சுடப்படாமல் இருக்கும் துப்பாக்கிக்கே உச்ச விலை. ஒரு குண்டு வெடித்தாலும் மதிப்புக் குறையும். விலை ஏறும் என நம்பி எல்லாரும் அவ்வாறே பூட்டி வைத்ததனால், பிற்காலத்தில் பலருடைய எதிர்பார்ப்பு பொய்த்தது. அரிய பொருள் என்று வாங்கியது எல்லார் அலமாரியிலும் இருந்தது.

வேறொரு வகைப் புகழும் உண்டு. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், அவருடைய பள்ளியறையில் இருந்த வாள் ஆங்கிலத் தளபதி டேவிட் பேர்டுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. அவ்வாள் 2023 மே மாதம் இலண்டன் ஏலத்தில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று. எஃகின் மேல் பொறித்த பொன்னெழுத்துக்கு அத்தனை விலை இல்லை. ஒரு கோட்டை விழுந்த நாளும், ஒரு மன்னன் மடிந்த நாளும் அவ்விலையில் அடங்கியுள்ளன.

கைவினைஞரின் உழைப்பை நாம் இகழவில்லை. உலோகத்தில் கொடியும் மலரும் செதுக்கும் கை, ஜினாலயத்தின் தூணிலும் அதே அழகைச் செதுக்க வல்லது. எனவே வேலைப்பாட்டிற்கு உரிய கூலியைக் குறை கூற இடமில்லை. ஆனால் அக்கூலிக்கு மேல் செலுத்தும் தொகை எதற்காக? வலிமை உடையவர் என்ற எண்ணத்திற்காக. பிறர் தம்மைக் கண்டு அஞ்சுவர் என்ற நினைப்பிற்காக. சுடாத துப்பாக்கியும் இவ்வெண்ணத்தை நாள்தோறும் வளர்த்துக்கொண்டே இருக்கும்.

இவ்விடத்தில் யசோதர காவியக் கதையை நம் இல்லத்தார்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தீக்கனவு கண்ட யசோதர மன்னனிடம், தேவிக்கு உயிர்ப்பலி இடுமாறு தாய் சந்திரமதி வற்புறுத்தினாள். அவன் உயிர்க்கொலைக்கு உடன்படவில்லை. ஆயினும் தாயின் சொல்லுக்காக, மாவினால் செய்த கோழியை வாளால் வெட்டினான். அந்த மாக்கோழியில் உயிர் இல்லை. சிந்தக் குருதியும் இல்லை. எனினும் கொல்லும் கருத்து இருந்தமையால் தாயும் மகனும் பல பிறவிகள் விலங்காயும் பறவையாயும் உழன்றனர். கோழி மாவால் ஆனது என்பதோ, அது அழகுற வனையப்பட்டது என்பதோ அவர்களைக் காக்கவில்லை. பொன்முலாம் பூசிப் பெட்டியில் வைத்த துப்பாக்கியும் இத்தகைய மாக்கோழியே என்று நமக்குத் தோன்றுகிறது. "சுடவா போகிறோம்?" என்ற உறவினர்க்கும், "அது யாரையும் சுடாதே" என்ற சிறுவனுக்கும் இதுவே நம் மறுமொழி.

கொல்லும் கருவிகளைப் பிறர்க்கு வழங்குவதை ஹிம்சாதானம் எனப் பெயரிட்டு, பயனற்ற தீச்செயல்களுள் ஒன்றாக ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விலக்கினார். நம் அருங்கலச்செப்பும் அவ்வழியே இல்லறத்தார்க்கு நெறி கூறுவது. ஆகவே அலங்காரத்திற்காகவோ பெருமைக்காகவோ துப்பாக்கியைப் பரிசளிப்பது அநர்த்ததண்ட விரதத்திற்கு முரண் என்பதில் ஐயமில்லை.

ஆனால் தற்காப்புக்காக எனில்? இங்கே நாம் எளிதில் தீர்ப்புக் கூறிவிடலாகாது. சங்கல்ப ஹிம்சையை, அதாவது வேண்டுமென்றே செய்யும் கொலையை, இல்லறத்தார் அறவே நீக்க வேண்டும்; தாக்க வருவோனைத் தடுக்க நேரும் விரோதி ஹிம்சையை முற்றும் நீக்குதல் அவர்க்கு அரிது என்று நம் ஆசாரியர்கள் உணர்ந்தே வகைப்படுத்தியுள்ளனர். தன் மானத்தையும் உயிரையும் காக்கப் போராடும் பெண்ணை நோக்கி அகிம்சை உபதேசம் செய்ய நமக்கு உரிமை இல்லை. எனினும் தற்காப்புக்கு நகைப்பெட்டி எதற்கு? 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். உரிமமும் பெற்று, லட்சத்திற்கு மேல் விலையும் கொடுக்க வல்ல பெண்கள் எத்தனை பேர்? இரவில் நடந்து வரும் ஆலைத் தொழிலாளிப் பெண்ணுக்கு அது எட்டாக் கனி. பயனுக்கு உதவாத இடத்தில் பெயர் மட்டுமே விலைபோகிறது.

இவற்றையெல்லாம் நாம் சொல்லி முடித்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த அம்மகள் சொன்னாள்: "மாமா, எனக்குத் துப்பாக்கி வேண்டும் என்று நான் கேட்கவே இல்லையே. ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கினால் கூட வர ஓர் ஆள் இருந்தால் போதும். அங்கே நம்மவர்கள் வீடு எத்தனையோ இருக்கிறது. ஒருவர் வீட்டுக் கதவையும் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை."

நாம் தலைகுனிந்தோம். ஆயுதத்தின் குற்றத்தை நெடுநேரம் ஆராய்ந்த நாம், அவள் அச்சத்தை நீக்கும் வழியை ஒரு கணமும் நினைக்கவில்லை. உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் முதல் மூன்றையும் ஓரளவு செய்து வருகிறோம். அபயதானம் என்றவுடன் கசாப்புக்காரரிடமிருந்து ஆட்டை மீட்பதே நினைவுக்கு வருகிறது. நம் வீட்டுப் பெண்கள் அயலூரில் அஞ்சி நடப்பது நினைவுக்கு வருவதில்லை.

யசோதரனும் சந்திரமதியும் இறுதியில் அபயருசி, அபயமதி என்னும் பெயருடைய உடன்பிறந்தாராய்ப் பிறந்தனர். பலியிட ஓங்கிய வாளின் முன் நின்ற அவர்கள் கையில் படைக்கலம் எதுவும் இல்லை. இருந்தும் அஞ்சவில்லை, தம் வரலாற்றைச் சொல்லி, ஓங்கியவனையும் கொலைத் தொழிலிலிருந்து மீட்டனர். அத்தகைய மனவுறுதி எல்லார்க்கும் உடனே வாய்ப்பதன்று. அது வாய்க்கும்வரை ஒருவர்க்கொருவர் துணையாக நிற்பது நம் கையில் உள்ளது.

சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் நம் குடும்பத்தார், தம் பகுதியில் தனித்துத் தங்கிப் பணிபுரியும் பெண்மக்களின் பெயரைக் கேட்டறிந்து, "எந்நேரமும் வரலாம்" என்று தாமே முன்சென்று சொல்லுவார்களாக. இதற்குப் பொன்முலாமும் வேண்டாம், உரிமமும் வேண்டாம்.

அறம் வளர்க!