குறைந்த மாரியில்

மாரி பொய்த்த ஆண்டிலும் யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் பல வற்றுவதில்லை. வன்னியில் குளம் வெடித்துக் கிடந்தால் பஞ்சம் கண்ணுக்குத் தெரியும். இங்கே தை பிறந்த பிறகும் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிகிறது. மோட்டரைப் போட்டால் வருகிறது, வாய்க்கால் நிறைய ஓடுகிறது. அது எந்தத் தண்ணீர் என்பது மாசி பங்குனியில்தான் வெளிக்கும். வெங்காயத் தாளின் நுனி வெளிறிக் கருகும். வாய்க்கால் ஓரத்துச் செம்பாட்டு மண்ணில் வெள்ளையாக உப்புப் பூக்கும். காலைத் தேநீர் வாயில் ஒட்டாது. "கிணறு சவராப் போச்சு" என்று வீட்டுக்காரர் சொல்லும்போது பயிரும் போயிருக்கும், அடுத்த நல்ல மாரிவரை அந்தக் கிணறும் போயிருக்கும்.

இந்தக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வலிகாமத்தில் வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுந்து, கோடையில் தடம் மட்டுமே மிஞ்சும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான சில வாரங்களில் விழுந்து முடிந்துவிடும். அந்தச் சில வாரங்களை வைத்துத்தான் மற்ற ஒன்பது மாதமும் குடிக்கிறோம், குளிக்கிறோம், தோட்டம் செய்கிறோம். காலடியில் கிடப்பது ஒரு காலத்தில் கடலுக்கடியில் உருவான சுண்ணக்கல். உடம்பெல்லாம் வெடிப்பும் பொந்தும். மழை அதற்குள் இறங்கி, கீழே ஏற்கெனவே நிறைந்திருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்து, கரையோரங்களில் மெலிந்த ஒரு நன்னீர்ப் படலம். புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அதன் ஆழத்தைச் சொல்லி வியக்க வைப்பார்கள். எனக்கு வியப்பு வேறு இடத்தில். அந்தக் கிணற்றின் மேல்நீர் நன்னீர். ஆழம் போகப் போக உப்பு. குடாநாடு முழுவதும் எதன்மேல் இருக்கிறது என்பதை ஒரே இடத்தில் திறந்து காட்டுகிற கிணறு அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் கைபனும், அவரைத் தொடர்ந்து ஜெர்மனியின் ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியாக ஒரு கணக்கைக் கண்டார்கள். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது மீற்றர் வரை அது உப்புநீரை அழுத்திப் பிடித்திருக்கும். இதைத் திருப்பிப் படித்தால்தான் நமக்கு உறைக்கும். மேலே கால் மீற்றர் இறங்கினால், அடியிலிருந்து உப்பு பத்து மீற்றர் ஏறிவரும். பாறையின் பொந்துகள் இந்தக் கணக்கை அங்கங்கே கூட்டும் குறைக்கும், ஆனால் திசை மாறாது. அத்தோடு ஒரு மோட்டர் ஒரே இடத்தில் வேகமாக உறிஞ்சினால், அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பும். ஒருமுறை எழும்பிக் கலந்தது மோட்டரை நிறுத்தியதும் இறங்கிவிடாது.

சுவிற்சர்லாந்தில் வளர்ந்த என் மருமகன் குளிர்காலத்தில் மலைக்குப் போகிறவன். இழுவைக் கம்பியில் தொங்கும் நாற்காலியில் ஏறிப் போய்ச் சறுக்குவதில் அவனுக்கு நாட்டமில்லை, காலால் ஏறுவான். சறுக்குப் பலகையின் அடியில் ஓர் உரோமப் பட்டியை ஒட்டிக்கொள்வார்களாம். முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே சரியாது. முன்பு கடல்நாய்த் தோலில் செய்தார்கள், இப்போது ஆட்டு உரோமத்திலும் நைலோனிலும். மணிக்கணக்காக ஏறி உச்சியில் பட்டியைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, யாரும் தடம் பதிக்காத சரிவில் இறங்குவார்கள். பனி குறைந்த ஒரு குளிர்காலத்தில் அவன் தொலைபேசியில் சொன்னது இந்தக் கட்டுரைக்குக் காரணம். "மாமா, பனி குறைஞ்ச வருசம்தான் கூடப் பயப்பட வேணும்" என்றான். "குறைஞ்சா சரியிறதும் குறையும்தானே?" என்று கேட்டேன். அப்படியில்லை என்று விளக்கினான்.

நிலத்தின் சூடு உறைநிலைக்கு அருகில் நிற்க, மேலே காற்று கடுங்குளிராக இருக்கும். இடையில் தடித்த பனி இருந்தால் அந்த வேறுபாடு மெல்லப் பரவிப்போகும். பனி மெலிந்திருந்தால் வேறுபாடு முழுவதும் அந்த மெல்லிய படையில் விழுகிறது. அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத குருணலாக மாறிவிடுகிறது. பிறகு ஒருநாள் நல்ல பனி கொட்டி எல்லாவற்றையும் மூடும். பார்ப்பவருக்கு மலை வெள்ளையாக, முழுதாக, பாதுகாப்பாகத் தெரியும். அடியில் பிடிப்பில்லை, ஒரு மனிதனின் பாரம் போதும், சரிவு முழுவதும் கழன்று வரும். கழலாவிட்டாலும் ஒரு சாண் பனிக்குக் கீழே பாறை காத்திருக்கும். டாவோசில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் ஆபத்தை ஐந்து படிகளாக வகுத்து நாள்தோறும் அறிவிக்கிறது. பெரும்பாலான உயிரிழப்புகள் ஐந்தாம் படியில் நேர்வதில்லை, இரண்டிலும் மூன்றிலும்தான் நேர்கின்றன. ஐந்தாம் படியில் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். மூன்றாம் படியில் "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பார்ப்போம்" என்ற நினைப்பு கொல்கிறது.

அவனுடைய குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த அடையாளம் கண்டால் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே, மனம் நிதானமாக இருக்கும்போதே பேசி வைத்துவிடுவார்கள். மேலே போனபின் ஒருவர் "வேண்டாம்" என்றால் போதும். ஏன் என்று கேட்பதில்லை, மற்றவர்கள் முகம் கோணுவதுமில்லை. திரும்பி வந்தவர்களை யாரும் பாராட்டவும் மாட்டார்கள், ஏனென்றால் நடக்காத விபத்தை யாரும் கண்டதில்லை. இந்த வழக்கத்தில் ஓர் ஒழுக்கம் இருக்கிறது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். பருவம் தந்த அளவுக்குள் ஆசையைச் சுருக்கிக்கொள்வதும், அந்த முடிவை ஆசை கிளம்புமுன் எடுப்பதும், கூட இருப்பவரின் அச்சத்தை மதிப்பதும் அதற்குள் அடக்கம்.

மலைக்குப் போகிற எல்லோரும் அப்படியல்லர். 2023 ஜனவரியில் அல்ப்ஸ் மலையின் தாழ்ந்த சரிவுகள் புல் தெரியக் கிடந்தபோது, இயந்திரப் பனியை ஒரு வெள்ளைப் பட்டையாக விரித்து அதன்மேல் சறுக்கினார்கள். 2020 பெப்ரவரியில் பிரான்சின் பிரனீஸ் மலையில், லுஷோன் ஊருக்கு மேலே உள்ள சறுக்குத் தளத்துக்கு ஏறக்குறைய 50 தொன் பனியை ஹெலிகொப்டரில் அள்ளிக் கொண்டுவந்து கொட்டினார்கள். வாடிக்கையாளர் வந்துவிட்டார்கள், பனிதான் வரவில்லை. பருவம் இல்லையென்று சொன்ன பிறகும் அதன் கையை முறுக்கி வாங்குகிற செயல் அது. படித்தபோது எனக்கு 2017 நினைவுக்கு வந்தது.

2016இன் இறுதியில் நமது மாரி பொய்த்தது. அதைத் தொடர்ந்து வந்தது இலங்கை நாற்பது ஆண்டுகளில் கண்டிராத வரட்சி. தீவகத்தில் பிளாஸ்ரிக் குடங்கள் பவுசருக்காக வரிசையில் நின்றன. வலிகாமத்திலோ, தண்ணீர் இறங்கினால் இறங்கிய தண்ணீரைத் துரத்திப் போகும் பழக்கம் இருக்கிறது. கிணற்றின் அடியை இன்னும் தோண்டுவது, குழாய்க் கிணறு இறக்குவது, பெரிய மோட்டர் வாங்குவது. அடியில் காத்திருப்பது உப்பு என்று தெரிந்தும் அடிக்கே போகிறோம். பக்கத்து வளவுக்காரர் தோண்டிவிட்டார் என்பதற்காகவே தோண்டுகிறவர்களும் உண்டு. அவர்களை முழுக்கக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. தான் விட்டுவைத்த தண்ணீரை அடுத்தவர் இறைத்துவிடுவார் என்று தெரிந்தால் எவர்தான் விட்டுவைப்பார்?

துலா இருந்த காலத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழவில்லை. பனந்துலாவின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்று மிதியில் நின்றவர் பட்டையைச் சாய்த்து வாய்க்காலில் ஊற்ற, இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைக் கட்டிவிட, விடியுமுன் தொடங்கிய இறைப்பு வெயில் ஏற நின்றுவிடும். மனிதக் கால்கள் களைத்துவிடும், கிணறு ஊறிக்கொள்ளும். மண்ணெண்ணெய் இயந்திரங்கள் வந்தபின் களைப்பு என்ற கட்டுப்பாடு போய்விட்டது. 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனபோது சிலர் பழைய துலாவை மீண்டும் நட்டார்கள். தடை நீங்கியதும் அது மறுபடி மறைந்தது. வெளியிலிருந்து திணிக்கப்பட்ட சிக்கனம் எதுவும் மனத்தில் வேர் விடாது என்பதற்கு நாமே சான்று.

துலாக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வராது. அந்தத் துலாவில் நடந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அதே கிணற்றில் கயிறு போட உரிமை இருக்கவில்லை. நல்லதண்ணிக் கிணற்றடியில் குடத்தோடு நின்று, உயர்சாதி வீட்டார் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை காத்திருந்த பெண்களை இந்த மண் கண்டிருக்கிறது. கே. டானியல் 'தண்ணீர்' என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தபின்னும் கிணற்றடிகள் உடனே திறந்துவிடவில்லை. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளிலேயே சிலருக்கு வரட்சியை விதித்த சமூகம் நாம். ஆகவே சிக்கனம் பேசுகிறவர் முதலில் சொல்லவேண்டியது, யார் முதலில் குறைப்பது என்பதைத்தான். நாளுக்கு நாலு குடம் எடுக்கிறவரிடம் போய்ச் சிக்கனம் பேசுவது அநியாயம்.

பழையதில் எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு, பங்குக் கிணறு. நம்முடைய காணி உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு முறை என்று பங்காளர்கள் வகுத்துக்கொள்வார்கள். சண்டைகள் வந்தன, வழக்குகள் நடந்தன, வேலியோடு சேர்ந்து மண்டைகளும் உடைந்தன. ஆனாலும் ஒரு கிணற்றில் நாலு பேர் முகம் பார்த்து நிற்கவேண்டியிருந்தது. தண்ணீர் இறங்குவதை நாலு பேரும் ஒரே நாளில் கண்டார்கள். இன்று வளவுக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு மோட்டர், கூரைக்கு ஒரு தாங்கி. கதியால் வேலியும் மதிலும் மேலே உள்ள நிலத்தைத்தான் பிரிக்கும். கீழே இருக்கும் நன்னீர் இன்றைக்கும் பங்குக் கிணறுதான்.

ஆடி ஆவணியில் நல்லூர் கொடியேறும். இருபத்தைந்து நாள் திருவிழா. கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் உறவுகள் வந்து நிறையும் காலமும் அதுவே. வருடத்தில் நன்னீர் மிக மெலிந்திருக்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. வருகிறவர்களுக்கென்று கட்டிய மேல்மாடி வீடுகளில் அறைக்கு அறை குளியலறை இருக்கிறது. வந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்ல நாம் தயங்குகிறோம், விருந்தாளியிடம் தண்ணீர்க் கணக்குப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். அவர்களோ பனி குறைந்த மலையில் திரும்பிவரத் தெரிந்த நாடுகளில் வளர்ந்தவர்கள். உள்ளதைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதே தீர்வு என்ற நம்பிக்கை இங்கே ஆழமானது. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் ஆனையிறவுக் கடலேரியை நன்னீராக்கிக் குடாநாட்டுக்குள் திருப்பத் திட்டமிட்டார். கடலில் வீணாகும் மாரிநீரைப் பிடித்து வைக்கும் எண்ணம் அது. முழுமை பெறாமல் கிடக்கும் அந்தத் திட்டத்தின்மீது எனக்கு இன்னும் மதிப்பு உண்டு. பின்னர் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அப்போது இங்கே சிலர் அவர்களைக் கடிந்து பேசினார்கள். வயலுக்கே போதாத ஆண்டுகளைக் கண்டவர்கள் அவர்கள். தன் கிணற்றை அளந்து பார்க்காத நாம் அவர்களுடைய குளத்தை அளக்கப் போனது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குடிநீருக்குத் தவிப்போருக்கு அது தேவை. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், எஞ்சும் கடும் உப்புநீர் மீனவர்களின் கடலுக்கே திரும்புகிறது. குழாயில் தண்ணீர் வருகிறதென்று கிணற்றடியில் கைவீச்சைக் கூட்டினால், தோட்டத்துக்கு வேறு நீர் எங்கிருந்தும் வராது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குளங்கள் குடாநாட்டில் உண்டு. மாரிநீரை நின்று நிதானமாக நிலத்துக்குள் இறக்குபவை அவை. தூர்த்துக் கடை கட்டுவதை நிறுத்தினாலே நன்னீர்ப் படலத்துக்கு உதவிதான்.

மார்கழி நடுவில் மாரி எப்படி என்று தெரிந்துவிடும். அப்போது ஒவ்வொரு ஊரிலும் சில கிணறுகளை அளக்கலாம். முடிச்சுப் போட்ட ஒரு கயிறு போதும். உப்பை அளக்கும் சிறு கருவி கைக்குள் அடங்கும். அளந்ததைச் சனசமூக நிலையத்துப் பலகையில், பத்திரிகை வாசிக்க வருகிறவர் கண்ணில் படும்படி எழுதி வைக்கலாம். எந்த மட்டத்துக்குக் கீழே போனால் எந்த அளவு பயிர் என்பதை நல்ல ஆண்டிலேயே பேசி வைக்கவேண்டும். குறைந்த மாரியில் பத்துப் பரப்பு வெங்காயம் நடுகிறவர் ஐந்தாகக் குறைத்து மிச்சத்தில் பயறோ உழுந்தோ போடட்டும். ஒரு பரப்பு மட்டும் வைத்திருப்பவர் அதை நடட்டும். புகையிலைக்காரர் அந்த ஒரு போகத்தை விடட்டும். பெரிய மோட்டர் வைத்திருப்பவர் இறைப்பைப் பாதியில் நிறுத்திக் கிணறு ஊற விட்டு மறுபடி தொடங்கட்டும். இதற்கு வர்த்தமானி வேண்டாம், ஊரில் நாலு பேருடைய சம்மதம் வேண்டும். அந்தப் பேச்சு விதை வெங்காயத்துக்குக் காசு கொடுக்குமுன் நடக்கவேண்டும். கடன் வாங்கி நட்டுவிட்ட மனிதரிடம் மாசியில் போய் "இறைக்காதை" என்று சொல்ல ஒருவராலும் முடியாது, சொன்னாலும் அவரால் கேட்க முடியாது.