கல்வி உதவித்தொகையும் பிறப்பும்: ஓர் அறவியல் நோக்கு

பிறப்பு வேற்றுமை ஒழியவேண்டும் என்போர், பிறப்பை அளவுகோலாகக் கொண்டு கல்வி உதவித்தொகை வழங்குவது முரணாகாதா என்னும் வினா எழுவதுண்டு. கீழ்ப்பாலில் பிறந்தோன் கற்றால் மேற்பாலோனும் அவன்வழி நிற்பான் என்கிறது புறநானூற்றின் 183ஆம் பாடல். கற்றால் என்னும் நிபந்தனை ஈண்டுக் கருதத்தக்கது. மிகுபொருள் கொடுத்தேனும் கற்கவேண்டும் என்பதும் அப்பாடலின் கருத்தே. பொருளற்றோர் கற்பது எங்ஙனம்?

பொருளின்மை ஒன்றே தடையெனின், வறுமையை மட்டும் நோக்கி உதவுதல் போதும். ஆயின் வரலாறு வேறு காட்டுகிறது. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையால் அம்பேத்கர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1917இல் பரோடாவில் பணியேற்றபோது, சாதி தெரியவந்ததால் தங்கிய விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கல்வியும் பதவியும் வாய்த்த பின்னரும் பிறப்பே நோக்கப்பட்டது. தடை பிறப்பை நோக்கி அமையுமிடத்து, உதவி மட்டும் பிறப்பை நோக்காதிருத்தல் நடுவுநிலைமை ஆகாது.

மன்னரின் கொடை ஒருசிலர்க்கே வாய்த்தது. பட்டியல் சாதி மாணவர்க்கென 1944இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் அதனைப் பலர்க்கும் உரியதாக்கியது. நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணுதல் அரசின் கடமை என அரசியலமைப்பின் 46ஆம் உறுப்பு நெறிப்படுத்துகிறது. எனவே, உதவித்தொகை பெறும் மாணவர் இரவலர் அல்லர். உரிமையுடையோர் எனக் கொள்வதே பொருந்தும்.