வைகாசியில் எழு, தையில் அழாதே

நடு வயலில் வட்டமாகத் தூர் சாய்ந்து கிடக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் தண்டின் அடியில் கத்தி வைத்துச் சீவினாற்போலச் சாய்வான வெட்டு. ஓரத்துப் பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வரப்பில் நடந்து போகிறவனுக்கு வெள்ளாமை அமோகமாகத்தான் தெரியும். உள்ளே இறங்கினவனுக்குத்தான் வயிறு எரியும். அந்த எரிச்சலோடு தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்கிறாய் பார், தம்பி, அப்போதுதான் எனக்கு உன் மேல் கோபம் பொங்குகிறது.

எதற்கு உட்கார்கிறாய்? எலியை எவன் ஜெயித்தான் என்று டீக்கடையில் பேசுகிறார்களே, அதை நம்பியா? அது அரைக்கிலோகூடத் தேறாத பிராணி. மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சினை சுமக்கும். ஈற்றுக்கு ஆறு, எட்டு, சமயத்தில் அதற்கும் மேல் குட்டி போடும். முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் பசி இல்லாவிட்டாலும் எதையாவது கடித்தாக வேண்டும். வளை தோண்டும், நீந்தும், கதிரை இழுத்துப் போய்ப் பதுக்கும். அதன் பலம் இவ்வளவுதான். உனக்கு மாதம் தெரியும், பருவம் தெரியும், பக்கத்து வயல்காரரின் பேர் தெரியும். இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு அதனிடமா தோற்பாய்?

நீ தோற்பது ஒரே இடத்தில். பிந்திப் புறப்படுகிறாய். சம்பா பொதி கட்டி, கதிர் தலை நீட்டிய பிறகு எலி மருந்து தேடி ஓடுகிறாய். அதற்குள் எலி உன் பயிரைத் தின்று குட்டி போட்டுப் பெருகியிருக்கும். வயல் நிறையப் பாலேறிய நெல் இருக்கும்போது உன் மருந்துப் பொட்டலத்தை அது ஏன் மோந்து பார்க்கப்போகிறது?

காவிரிப் பாசனத்தில் வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்கிறார்கள். அந்தத் தண்ணீர் உன் வாய்க்காலுக்கு வருவதற்கு முந்தைய சித்திரை, வைகாசிதான் உன் காலம். வயல் மொட்டையாகக் கிடக்கும். தின்ன ஒன்றும் இல்லாமல் எலிக்கூட்டம் இளைத்துச் சுருங்கி, பெருவரப்பிலும் வாய்க்கால் கரையிலும் வைக்கோல் போரின் அடியிலும் ஒண்டியிருக்கும். மறைக்கப் பயிர் இல்லை, பெருக வழி இல்லை. அப்போது நீ எங்கே இருக்கிறாய்? கயிற்றுக் கட்டிலில். எதிரி கண்ணில் படாத மாதத்தில் மண்வெட்டி தூக்க ஒரு நெஞ்சுறுதி வேண்டும். நான் கேட்கும் தன்னம்பிக்கை அதுதான். மேடையில் கைதட்டல் வாங்குகிற சரக்கு இல்லை.

முதல் வேலை வரப்பு. தாத்தா காலத்திலிருந்து அகன்றுகொண்டே போன அந்தக் கொழுத்த வரப்பு எலிக்கு நீ கட்டிக் கொடுத்த வீடு. ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரம் என்று சிறுக்க வை. புல்லைச் செதுக்கு, பழைய வளையை வெட்டித் திற. அடுத்தது, எந்த வளையில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொள். மாலையில் எல்லா வளையின் வாயையும் மண்ணால் அடைத்துவிட்டு வா. மறுநாள் விடியற்காலை போய்ப் பார். எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. கரம்பை எலியின் வளை வாயில் புதுமண் குவியலாகக் கிடக்கும். வெள்ளெலி, புல் எலி, வயல் சுண்டெலி என்று மற்றவையும் உண்டு. ஆனால் நெல் வயலில் கதிரை அறுத்துக் கிடங்கு போடுகிறதில் கரம்பைதான் பெரிய கை. வளை அடைத்துப் பார்க்கும் இந்தச் சோதனைக்குக் காசு இல்லை, மருந்து இல்லை. கண்ணும் ஒரு மண்வெட்டியும் போதும்.

கண் என்றதும் எனக்கு இருளர் பழங்குடியினர் நினைவுக்கு வருகிறார்கள். மண்ணில் ஒரு கீறலைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா, பாம்பா, தப்பிக்கும் வழி எந்தப் பக்கம் என்று சொல்லும் கூட்டம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அவர்களின் பாம்புத் தோல் பிழைப்பு போயிற்று. முடங்கிவிட்டார்களா? 1978-ல் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பெருகித் தொல்லை கொடுத்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப்பிடிக்க. போன சில வாரத்துக்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. மண்ணைப் படிக்கத் தெரிந்தவனைக் கடல் தாண்டித் தேடி வந்தார்கள். நீ பிறந்து வளர்ந்த சொந்த வரப்பைப் படிக்க உனக்கு யாரைய்யா தடை?

வளை தெரிந்துவிட்டதா? தஞ்சாவூர்க் கிட்டி என்கிற எலிப்பொறியை எடுத்துக்கொள். மூங்கில் சிம்பு, வில், கயிறு. நடுவில் ஒரு பிடி நெல்லோ பொரியோ. மாலையில் வைத்தால் விடிவதற்குள் எலி விழுந்திருக்கும். கட்டுக்கட்டாகக் கிட்டி சுமந்து வருகிற ஆட்கள் டெல்டாவில் இன்னும் இருக்கிறார்கள். கூலியில் பேரம் பேசி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, கடையில் அதைவிட அதிகம் கொடுத்து மருந்து வாங்குகிற புத்திசாலிகளையும் பார்க்கிறேன்.

மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிலும் பொறுமை இல்லாதவனுக்குத்தான் தோல்வி. ஜிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டு பாஸ்பின் வாயுவாகிக் கொல்லும். ஆனால் எலி புதுத் தீனியைச் சந்தேகத்தோடு கொஞ்சமாகத்தான் கொறிக்கும். மயங்கித் தெளிந்து பிழைத்ததோ, பிறகு அந்தப் பக்கமே திரும்பாது. அதனால் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத நொறுக்கரிசியை எண்ணெய் பிசிறி வைத்துப் பழக்கு. பிறகு ஒரே ஒரு மாலை மருந்து கலந்து வை. தப்பியதற்குப் புரோமடியோலோன் கட்டி. அது சில நாள் கழித்துத்தான் கொல்லும் என்பதால் எலிக்குச் சந்தேகம் வராது. கையுறை போட்டுக்கொள். செத்ததைப் பொறுக்கிப் புதை. இல்லாவிட்டால் அதைத் தின்று உன் கூட்டாளி சாகும்.

கூட்டாளி யாரா? கூகைதான். குஞ்சு வைத்திருக்கும் ஜோடி ராத்திரி முழுக்க எலி சுமக்கும், கூலி கேட்காது. அது அலறினால் சாவு விழும் என்று கல்லெறிகிறாய். சாரைப்பாம்பைக் கண்டால் தடியெடுக்கிறாய். உன் படையை நீயே கொன்றுவிட்டு எதிரி பலசாலி என்று புலம்புவது என்ன நியாயம்? பயிர் இளசாக இருக்கும்போது பனை மட்டையை அங்கங்கே நட்டு வை, கூகை உட்கார்ந்து வேட்டையாடட்டும். கதிர் வந்ததும் பிடுங்கிவிடு, இல்லாவிட்டால் நெல் கொத்தும் குருவிகள் அதில் வந்து உட்காரும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதே. எலிக்கென்று வயலில் மின்கம்பி இழுக்காதே. அதை மிதித்து மனிதர்கள் செத்த செய்தி நம் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருக்கிறது. அப்படிச் செய்கிறவனை வீரன் என்று நான் ஒருநாளும் எழுத மாட்டேன்.

உன் வயலை மட்டும் நீ சுத்தம் செய்தால் காலியான வளைக்கு அடுத்த வயல் எலி குடிவந்துவிடும். அதனால் கோயில் வாசலில் ஊரைக் கூட்டு. எல்லாரும் ஒரே நாளில் வளை அடைக்க, ஒரே மாலையில் கிட்டி வைக்கத் தேதி குறி. யாருக்கும் சொந்தமில்லாத வாய்க்கால் கரையை யார் பார்ப்பது என்று கேட்பார்கள். நான் பார்க்கிறேன் என்று முதல் குரல் கொடு. அங்கேதான் வளை அதிகம்.

ஒருத்தர் வரமாட்டேன் என்பார். அவரிடம் மல்லுக்கு நிற்காதே. அவர் வயலை ஒட்டிய வரப்பில் கிட்டியை இரண்டு மடங்கு நெருக்கிப் போடு. காலையில் விழுந்ததை அவர் கண்ணெதிரே எண்ணு. அடுத்த கோடையிலும் அவர் வராவிட்டால் இன்னும் நெருக்கிப் போடு.