அஜாக்கிரதை என்னும் ஹிம்சை

2021ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கேரளத்துக் குட்டநாட்டு வாத்துகளிடையே பரவிய சாவுக்குக் காரணம் எச்5என்8 என்னும் பறவைக் காய்ச்சல் கிருமியே என்று போபால் ஆய்வு நிலையத்தில் உறுதிப்பட்டதும், நெடுமுடி, தகழி, பள்ளிப்பாடு முதலிய ஊர்களில் நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்த வளர்ப்புப் பறவைகள் யாவும், நோயுற்றவை நோயற்றவை என்ற பேதமின்றிக் கொல்லப்பட்டு, தோண்டினால் நீர் ஊறும் அந்தத் தாழ்நிலத்தில் விறகடுக்கி எரிக்கப்பட்டன. 2014இலும் 2016இலும் அதே நாட்டில் அதே காட்சிதான். நோயற்ற வாத்தை, அதற்கு நோய் வரக்கூடும் என்பதற்காகவே கொல்வது தர்மமாகுமா என்ற கேள்வி, ஜீவகாருண்யத்தில் சிறிதேனும் பற்றுள்ள எவரையும் விடாது.

பலவற்றைக் காக்கச் சிலவற்றைக் கொல்லலாம் என்பது ஒரு சமாதானம். கொல்பவன் நெஞ்சில் துவேஷம் இல்லையாதலால் அவனைப் பாபம் தீண்டாது என்பது மற்றொன்று. இவற்றை அலட்சியமாக ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. நோய் முற்றிய வாத்தின் கருவிழியில் நீலம் கலந்த வெண்படலம் படர்கிறது. கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப் பக்கம் சாய்கிறது. நீந்துவதற்கென்றே அமைந்த கால்கள் நிற்கவும் மாட்டாமல், விலாப்புறம் விழுந்து துடித்து அது சாகிறது. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 கிருமி மனிதரைத் தொற்றியபோது, பதினெட்டுப் பேரில் ஆறு பேர் மாண்டனர். இவ்வளவும் அறிந்த பின், கை கட்டி நிற்பதே கருணை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆயினும் இவ்விரு சமாதானங்களும் கொலை நிகழும் அந்த ஒரு நாளை மட்டுமே விசாரிக்கின்றன. அந்த நாள் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பதே இல்லை.

கேட்டவர்கள் சமணப் பெரியோர்கள். வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையோடு நம் மரபு சேர்த்துப் போற்றும் குந்தகுந்தாசாரியர், உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் கவனமின்றி ஒழுகுபவனுக்கு ஹிம்சை நிச்சயம் என்றும், விழிப்போடு ஒழுகுபவனை, அவனை மீறி உயிர்ச்சேதம் நேர்ந்தாலும், வினைப் பந்தம் பற்றாது என்றும் பிரவசனசாரத்தில் நிலைநாட்டுகிறார். அவர் சொல்வது சரியென்றால், குட்டநாட்டு ஹிம்சை கவச உடை அணிந்த பணியாளர் பட்டிக்குள் நுழைந்த காலையில் தொடங்கியதன்று. செத்த வாத்தை எரிக்கச் சோம்பிக் கால்வாயில் வீசியெறிந்த மாலையிலேயே அது தொடங்கிவிட்டது.

ஏனெனில் இந்தக் கிருமியின் சுபாவமே அத்தகையது. வாத்தின் குடலில் சில வேளை எந்தக் குறியும் காட்டாமல் வாசம் செய்து, எச்சத்தோடு வெளியேறி, குளிர்ந்த நீரில் பல நாள் வீரியத்தோடு இருக்கிறது. கீழ்மடையில் மேயும் அடுத்தவன் பட்டி அந்த நீரைத்தான் குடிக்கிறது. புதிதாக வாங்கிய குஞ்சுகளைச் சில வாரம் தனியே வைத்துப் பார்த்த பின் பட்டியில் சேர்ப்பது, வாத்தையும் கோழியையும் ஒரே கொட்டிலில் அடைக்காதிருப்பது, சந்தைக்குப் போன செருப்போடு பட்டிக்குள் நுழையாதிருப்பது, தீனியையும் குடிநீரையும் காட்டுப்பறவையின் எச்சம் விழாதபடி கூரையின் கீழ் வைப்பது ஆகிய இவற்றைக் கால்நடை மருத்துவர் சொல்லும்போது சுகாதார விதியாக மட்டும் கேட்டுக்கொள்கிறோம். நடக்குமுன் தரையைப் பீலியால் வருடி எறும்பை விலக்கும் சமண முனிவரின் விரதத்துக்கு இவை எவ்வகையில் தாழ்ந்தவை?

வலசை வரும் பறவைகள்மேல் பழி சுமத்துவது எளிது. அது முழு நியாயமன்று. இன்று உலகெங்கும் திரியும் எச்5 வம்சம் 1996இல் சீனத்துக் குவாங்டாங்கில், மனிதன் வளர்த்த ஒரு வாத்தினத்துப் பறவையிடம்தான் முதலில் அறியப்பட்டது. 2005இல் சிங்ஹாய் ஏரியில் அதே வம்சத்துக்கு ஆயிரக்கணக்கில் பலியான காட்டுப்பறவைகளுள், குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கு விருந்தாக வரும் வரித்தலை வாத்தின் இனமும் உண்டு. நம் கொட்டிலில் விளைந்த கேட்டை அவை சுமந்து திரிகின்றன என்பதை மறந்துவிட்டு, அவற்றின் கூடுகளைக் கலைக்க வேண்டுமென்று பேசுவோரைக் கேட்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

வாத்தை அடைத்து வைத்தால் தீர்ந்தது என்பாரும் உண்டு. ஆனால் தலை முழுவதும் முங்கும் அளவு நீர் இல்லையேல் வாத்தால் தன் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ள இயலாது. நீரைப் பறித்துவிட்டு உயிரைக் காத்தோம் என்பது அரைக் கருணை. ஆபத்தான மாதங்களில், வீட்டில் நாலைந்து வாத்து வளர்ப்பவர் கூரைக்குக் கீழே ஆழமான தொட்டி ஒன்று வைத்துத் தினமும் நீர் மாற்றிவிடலாம். அறுவடையான வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் நம்பி, ஆயிரக்கணக்கான வாத்துகளை ஊர் ஊராக ஓட்டிச் செல்பவருக்கு அது கைகூடாத காரியம். அடைத்துப் போட்டுத் தீனி வாங்கினால் அவர் மாண்டு போவார். அவருடைய விழிப்பில் ஒரு பங்கை அரசு ஏற்றாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குட்பட்ட குஞ்சுக்கு 100 ரூபாய் என்று கேரள அரசு 2021இல் நஷ்ட ஈடு அறிவித்தது. அத்தகைய பணம் தாமதமின்றிக் கைக்கு வருமென்ற நம்பிக்கை இருந்தால்தான், முதல் வாத்து கழுத்தை முறுக்கும் அன்றே அவர் மருத்துவரிடம் ஓடுவார். இல்லையேல் இரவோடு இரவாகப் பட்டியை அடுத்த தாலுகாவுக்கு ஓட்டிவிடுவார்.

விழிப்பின் இன்னொரு வடிவம் தடுப்பூசி. பிரான்ஸ் தேசம் 2023 அக்டோபர் முதல், பெரிய பண்ணைகளின் வாத்துகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிற்று; அடுத்து வந்த குளிர்காலத்தில் அங்கே நோய் வெகுவாகத் தணிந்தது. தடுப்பூசி போட்ட பறவையும் வெளித்தெரியாமல் கிருமியைச் சுமக்கக்கூடும் ஆதலின் ஓயாத பரிசோதனையும் உடன் வேண்டும். ஏற்றுமதி வாணிபத்துக்கு இடையூறு நேருமென்ற அச்சமும் பொய்யன்று. அவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், இத்தனை முறை எரியூட்டிய குட்டநாட்டிலேனும், நெல் அறுவடை முடிந்து பட்டிகள் வயலில் இறங்குமுன், மருத்துவர் கண்காணிப்பில் அந்தத் தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்கலாகாதா என்று கேட்கிறேன்.