வழக்கில் இருக்கும் கடையை வாங்குவது

கடைவீதியில் ஒரு கட்டடம் அக்கம்பக்கத்து விலையைவிட வெகுவாகக் குறைந்து விற்பனைக்கு வருகிறது. தரகர் காரணத்தை மறைப்பதில்லை: "பங்காளித் தகராறு, கேஸ் ஓடுது. அதனாலதான் இந்த விலை." வாங்க நினைப்பவர் வழக்கறிஞரிடம் போகிறார். சட்டப்படி வாங்கலாமா? வாங்கலாம். பெரும்பாலோர் அந்தப் பதிலோடு நின்றுவிடுகிறார்கள். நிற்கக் கூடாத இடம் அது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவில் இதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. நிலத்தின்மீதோ கட்டடத்தின்மீதோ உள்ள உரிமையே நேரடியாக வழக்கில் இருக்கும்போது ஒரு தரப்பு அதை விற்றால், மறுதரப்புக்குக் கிடைக்கவிருக்கும் தீர்ப்பை அந்த விற்பனை குலைக்காது. கிரயம் செல்லாமற்போவதில்லை, வாங்கியவர் விற்றவரின் இடத்தில் நின்று தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறார். வழக்கு நடப்பது தெரியாது என்று சொல்லியும் தப்ப முடியாது. ஆகவே நஷ்டம் வந்தால் வாங்கியவருக்குத்தானே, பிறருக்கு இதில் என்ன கெடுதி என்று கேட்பவர்கள் உண்டு.

கெடுதி உண்டு. சட்டம் காப்பது தீர்ப்பின் பலனை. தீர்ப்பு வரும்வரை கழியும் ஆண்டுகளுக்கு அதனிடம் காவல் இல்லை. பாகம் கேட்டு ஒரு மகள் தொடுத்த வழக்கை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு 1989இலேயே, மார்ச் 25க்கு முன் மணமாகாத மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு தந்தது. 2005இல் நடுவணரசின் திருத்தம் திருமண வேறுபாட்டை நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்தாரா என்பது பொருட்டல்ல, பங்கு பிறப்பாலேயே வருவது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உரிமை தாளில் இருக்கிறது; கடைச் சாவியும் வாடகைப் பணமும் அண்ணன் தம்பியிடம் இருக்கின்றன. அவர்கள் கட்டடத்தை விற்றுவிட்டால், அதுவரை உடன்பிறந்தவர்களோடு வழக்காடியவள் இனிப் பணமும் ஆளும் உள்ள ஒரு வியாபாரியோடு வழக்காட வேண்டும். வாய்தாவுக்கு அலைந்து, மேல்முறையீட்டுக்குச் செலவழித்துக் களைத்த ஒருநாளில், கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவாள். அப்படி முடியும் வழக்கை 52ஆம் பிரிவு காப்பாற்றாது.

வழக்கு குடியிருக்கும் வீட்டைப் பற்றியது என்றால் சட்டம் சற்றே குடும்பத்தின் பக்கம் சாய்கிறது. கூட்டுக் குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், அந்தக் கிரயத்தைக் காட்டி உள்ளே வந்து சேர்ந்து வாழ உரிமை கோர முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை வீட்டாரே விலைக்கு எடுத்துக்கொள்ள 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழி தருகிறது. கடைக்கும் கிடங்குக்கும் இந்தச் சலுகை இல்லை. வணிகச் சொத்தில் வாங்குபவரின் மனச்சாட்சிக்குக் கூடுதல் வேலை இருப்பது இதனால்தான்.

அதற்காக வழக்குள்ள சொத்தை யாரும் தொடவே கூடாது என்பது நியாயமாகாது. வழக்குப் போட்டவரெல்லாம் உரிமையுள்ளவர் அல்லர். விற்பனையை முடக்கி, ஒரு தொகையைக் கறப்பதற்கென்றே போடப்படும் வழக்குகள் உண்டு. அவற்றுக்கு அஞ்சி எல்லோரும் ஒதுங்கினால் மிரட்டுபவனே வெல்வான். மருத்துவச் செலவுக்கோ கடனுக்கோ பணம் தேவைப்பட்டு, தீர்ப்புவரை காத்திருக்க முடியாத ஒரு பங்குதாரரிடம் உரிய விலை கொடுத்து வாங்குவது அவருக்குச் செய்யும் உதவிகூட. ஆகவே பார்க்க வேண்டியது தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்பதை. வழக்கில் தோற்கும் அபாயத்துக்கும் பணம் முடங்கும் காலத்துக்கும் விலையைக் குறைத்துக் கேட்பது வணிகம். எதிராளியைக் களைக்கவைக்கும் பலம் தன்னிடம் இருக்கிறது என்ற கணக்கில் லாபம் பார்ப்பது, இன்னொருவரின் இயலாமையை விலைக்கு வாங்குவது.

வாங்கியதும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். இடித்த கட்டடத்தைத் தீர்ப்பு எழுப்பித் தராது. கீழ்த்தளத்தில் பல ஆண்டுகளாகத் தையல் கடையோ மருந்துக் கடையோ நடத்துபவர், வாடகையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்பார். அவர் எந்தத் தரப்பும் அல்லர். ஆனாலும் முதலில் அடி விழுவது அவர் பிழைப்பில்.

நேர்மையாக வாங்க ஒரு வழி அதே 52ஆம் பிரிவில் இருக்கிறது: நீதிமன்றத்தின் அனுமதியோடும், அது விதிக்கும் நிபந்தனைகளோடும் விற்கலாம். மறுதரப்புக்குச் சொல்லி, தகராறுக்குரிய பங்கின் பணத்தை நீதிமன்றத்தில் கட்டி வாங்குவதில் ஒளிவில்லை. தாமதமாகும் என்று சொல்லி இதைத் தவிர்ப்பவர்கள் அஞ்சுவது பெரும்பாலும் தாமதத்துக்கு அல்ல, மறுதரப்பின் வாய் திறப்பதற்கு. வழக்கு இருக்கும் செய்தி வில்லங்கச் சான்றிதழில் தானாக ஏறிவிடுவதில்லை என்பது அவர்களுக்கு வசதியாகவும் போகிறது. வழக்கு தாக்கலானதும் நீதிமன்றமே சார்பதிவாளருக்குத் தகவல் அனுப்பி, அதை வில்லங்கத்தில் ஏற்றும் நடைமுறை வர வேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் வழக்குத் தொடுத்த ஏழையின் தலையில் விழக் கூடாது.

அதுவரை, வாங்க நினைப்பவர் முன்பணம் கொடுக்கும் முன் மறுதரப்பைத் தேடிப்போய் அவர் சொல்வதைக் கேட்கட்டும். அவருக்கு உரிமை இருப்பதாகப் பட்டால், அவர் கையெழுத்தோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் அந்தக் கடையை வாங்க வேண்டாம்.