நன்றியும் நடுவுநிலையும்

மறைந்தவர்களை நினைவுகூரும்போது அவர்தம் குறைகளைச் சொல்லலாகாது என்பது நம்மவரிடையே நிலவும் எழுதா விதி. அவ்விதி பண்பில் பிறந்ததே. மறுமொழி கூற இயலாதவரைப் பழிப்பது வீரமன்று. ஆயினும், நம்மைப் பேரன்புடன் வளர்த்த ஒருவரின் குறையை நாம் மறைக்கும்போது, அக்குறையால் வருந்திய வேறொருவரின் துயரையும் சேர்த்தே மறைத்துவிடுகிறோம் அல்லவா? இவ்வையம் சில காலமாக என்னை வருத்தி வருகின்றது. அதற்குக் காரணம் என் பாட்டி.

தில்லியில் நடுவணரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணிபுரியும் நான், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், தந்தையைப் பெற்ற பாட்டியின் மடியில் வளர்ந்தவன். 'அப்பாயி' என்றே அவரை அழைப்போம். அவர் கையெழுத்திடவும் அறியாதவர். ஆனால் நான் பி.ஏ. படித்து முடிப்பதற்காகத் தம் காதுத் தோட்டை அடகு வைத்தவர். எனக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றி இட்டு, விடியும்வரை விழித்திருந்தவர். பழைய சோற்றைப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து, நடுவே குழி செய்து, சுண்டிய குழம்பை விட்டுத் தருவார். இருபதாண்டுகளுக்கு மேலாகத் தில்லியில் உண்டும் அக்கவளத்தின் சுவை நாவை விட்டு அகலவில்லை.

அதே பாட்டியின் கொல்லைப்புற வேலிப்படலில் ஒரு கொட்டாங்கச்சி செருகப்பட்டிருக்கும். எங்கள் வயலில் உழைத்த முதியவர் ஒருவர் நண்பகலில் வந்து, அதனை எடுத்துக் கழுவிக்கொண்டு காத்திருப்பார். வீட்டில் குவளைகளுக்குப் பஞ்சமில்லை; எனினும் அவருக்கு அதுதான். எட்டு வயதுச் சிறுவனாகிய நான் மோர்ச் செம்பை ஏந்திச் செல்வேன். "தூக்கி ஊத்துடா கண்ணு, மேல படாம" என்று வாசற்படியிலிருந்து பாட்டி குரல் கொடுப்பார். நானும் தூக்கியே ஊற்றினேன். என் பாட்டனாரின் வயதுடைய அவர் என்னைச் 'சின்னய்யா' என்றழைத்துக் குனிந்து பருகினார்.

"அது அந்தக் காலத்து வழக்கம்" என்று உறவினர் சமாதானம் கூறுவர். கோப்புகளில் தேதி பார்த்தே பழகிய எனக்கு அச்சமாதானம் போதவில்லை. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது 1950இல். தீண்டாமையைக் கடைப்பிடிப்போரைத் தண்டிக்கும் சட்டம் வந்தது 1955இல். நான் மோர் ஊற்றியதோ 1980களின் பிற்பகுதியில். காலம் மாறியிருந்தது, எங்கள் கொல்லை மாறவில்லை. மேலும், வழக்கம் தானாக ஊற்றுவதில்லை. அதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை என்னுடையது.

அங்ஙனமாயின் பாட்டியின் அன்பு பொய்யோ? அன்று. அம்முதியவரின் மனைவி நோயுற்றபோது பத்து நாள் கஞ்சி காய்ச்சி அனுப்பியவரும் அவரே. இரக்கம் அவரிடம் நிரம்ப இருந்தது. தமக்கு நிகரானவர் என்ற எண்ணம் மட்டும் இல்லை. அன்பு எவ்வளவு பெருகினும் அது நீதியின் இடத்தை நிரப்பாது என்பதை நான் கற்றது எந்த நூலிலும் அன்று, அந்தக் கொல்லையில்தான்.

திருக்குறளில் 'செய்ந்நன்றியறிதல்' 11ஆம் அதிகாரம். அதனை அடுத்தே 'நடுவுநிலைமை' வருகின்றது. இவ்வைப்பு முறைக்குப் பரிமேலழகர் காரணம் காட்டுகிறார்: நமக்கு நன்மை செய்தாரிடத்து அந்நன்மையை நினைக்கும் பொழுதில் நடுவுநிலை சிதைய இடமுண்டு, அங்கும் சிதையலாகாது என்பது அவர் கருத்து. கல்லூரியில் தேர்வுக்காகப் படித்து மறந்த இவ்வுரை, இன்று எனக்கென்றே எழுதப்பட்டது போலத் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு ஊருக்குச் சென்றிருந்தேன். அம்முதியவரின் பேரர் இப்பொழுது பள்ளி ஆசிரியர். தேநீர்க் கடையில் என்னை அடையாளங் கண்டுகொண்டார். "உங்க அப்பாயி கஞ்சி கொடுத்து விட்டதை எங்க பாட்டி சாகிற வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சு. தாத்தாதான் பிற்காலத்துல மோரையே தொடமாட்டாருங்க" என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று. ஒரு செய்தியாகவே சொன்னார். "ஊத்தினவன் நான்தாங்க" என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்னர் இருவருக்கும் தேநீர் சொன்னார். ஒரே வகைக் குவளைகளில் அருந்தினோம். அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் கருதவில்லை.

நன்றி என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. திறந்த கண்ணோடும் கைகூப்ப இயல்வதே நன்றி. ஆண்டுதோறும் பாட்டியின் படத்திற்கு மாலையிடும்போது என் மகளிடம் அந்தக் காதுத் தோட்டைப் பற்றிச் சொல்கிறேன். கொட்டாங்கச்சியைப் பற்றியும் சொல்கிறேன். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால், அவள் வணங்குவது என் பாட்டியை அன்று. நான் புனைந்த வேறொருவரை.